இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேத்தமங்களாவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் மகள் எட்டு மாத கர்ப்பிணி. அவளுக்கு விருந்துச் சோறு போட என் மனைவியின் தங்கை அழைத்திருந்தாள். மகள் பின் சீட்டில் இருந்தாள், மனைவி என் பக்கத்தில்.

நான் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டம்பர் லாரிகளை ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீடு உயர வண்டிகளை ஓட்டியவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதைக் கெடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். என்னிடம் இருக்கும் அதே கார்தான் அவரிடமும். அவருக்கு லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கிறதாம். எனக்குப் பதினான்கைத் தாண்டவில்லை. தினமும் கேட்டருகே நின்றுகொண்டு, "இன்னா சார், இன்னிக்கு எவ்ளோ குடுத்துச்சு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரை முந்துவதற்காக ஒரு முட்டாள்தனத்தை ஆரம்பித்தேன். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவேன். கார் தானாக உருளும். மனைவி வேண்டாமென்றால், "எனக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறியா?" என்று கத்துவேன்.

அன்றும் அணைத்தேன். முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த பைக்குக்காக இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினேன். வளைவு தாண்டியதும், தோட்டத்திலிருந்து தக்காளிப் பெட்டிகளோடு ஒரு டிராக்டர் ரோட்டில் குறுக்கே ஏறியது. மிதித்தேன். பிரேக் கல் மாதிரி நின்றது. ஸ்டீயரிங்கும் இறுகிவிட்டது. இன்ஜின் ஓடினால்தான் இரண்டும் இலகுவாக வேலை செய்யும், அணைத்துவிட்டால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே செய்தேன். அதுதான் அசிங்கம்.

நான் சீட்டைவிட்டு எழும்பி இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். மனைவி இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

டிராக்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி, தக்காளி வேணும்னா கேட்டா குடுக்க மாட்டனா? இடிச்சித்தான் எடுக்கணுமா?" என்றார். பின் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குதித்து இறங்கித் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

மகள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "உதைக்குதும்மா" என்றாள். மனைவி அப்போதுதான் அழுதாள். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு மகள் என்னிடம் கேட்டாள்: "டம்பரை நியூட்ரல்ல இறக்குறவனுக்கு கன்னத்துல ஒண்ணு வுடுவேன்னு சொல்லுவியேப்பா. உனக்கு யாரு வுடுறது?"

எழுந்து போய் இன்ஜினைக் கிளப்பினேன்.

டாக்டரிடம் காட்டினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். மறுநாள் காரை மெக்கானிக்கிடம் விட்டேன். நான்கு டயரிலும் காற்று குறைவு. ஏர் ஃபில்டரை அவர் தட்டினார், மண்ணாகக் கொட்டியது. டிக்கியில் நான் வைத்திருந்த பழைய இரும்புச் சாமான்களை இறக்கிப் போட்டார். இன்ஜினை அணைத்த கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "கியர்லயே வுட்டு ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுண்ணே. இறக்கத்துல இந்தக் காலத்து இன்ஜினுக்கு பெட்ரோலே போவாது. நீ மிச்சம் புடிக்க அங்க இன்னா இருக்குது?"

இல்லாத பெட்ரோலுக்காக மகளையும் வயிற்றிலிருந்த குழந்தையையும் பணயம் வைத்திருக்கிறேன்.

இப்போது மாதம் இரண்டு முறை காற்று பார்க்கிறேன், ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கிறேன். பதினெட்டு கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். பதினெட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அந்த இறக்கத்தில் போகும்போதெல்லாம் கியரில் இன்ஜின் உறுமுவது காதில் விழுந்தால்தான் எனக்கு மூச்சு சீராகிறது. பின் சீட்டில் பேத்தி தூங்குகிறாள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே நம்ப முடிகிறது.