நாற்பத்தொன்பதாவது பெயர்

எங்கள் சபையில் அவரைப் பல்செட் அக்கா என்போம். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் கட்டித் தரும் இடத்தில் இருபது வருடமாக வேலை. பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகக் காயும் மேசையில் உட்கார்ந்து, மெழுகை உருக்கி ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். எல்லாப் பல்லும் ஒழுங்காக இருந்தால் பொய்யென்று காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்சம் கோணல் வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். பிரசங்கம் நீண்டுபோனால் யார் யார் வாயில் தன் கைவேலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பாராம். என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்கு வேறு வேலை. கடைசி வரிசைக்குப் பின்னால் கணினி முன் உட்கார்ந்து பாட்டு வரிகளைத் திரையில் போடுவார். அவருடைய கணவர் ரயில் ஓட்டுபவர். எங்களுக்கு டிரைவர் அண்ணன். பாதி ஞாயிறு அவருக்கு இன்ஜினிலேயே கழிந்துவிடும். மாதத்தில் ஒன்றிரண்டு வாரம் சபைக்கு வந்தால், ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கணினி மேசையருகே போட்டுக்கொள்வார். ஒருமுறை அக்கா வரியை மாற்ற மறந்துவிட, சபையில் பாதி ஒன்றைப் பாட, மீதி வேறொன்றைப் பாடியது. "என் ரயில்கூட இப்படித் தடம் புரண்டதில்ல" என்று அண்ணன் காதோரம் முணுமுணுக்க, அக்கா சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். தடம் புரள்வது என்ற அந்தச் சொல்லை, பின்னால் நடந்ததற்கு அப்புறம் நாங்கள் யாரும் அக்காவுக்கெதிரே வாயில் எடுத்ததில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு புதன்கிழமை காலை, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய வளைவில் அண்ணன் ஓட்டிய ரயில் கவிழ்ந்தது. பயணிகள் நாற்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அண்ணனும் இறந்தார். நாடு முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. விசாரணை தொடங்கும் முன்பே தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் வேகம்தான் காரணம் என்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அண்ணனின் படம் வந்தது. வேலை அட்டையில் ஒட்டியிருந்த படம். அந்த மாதிரிப் படத்தில் நாம் எல்லோருமே திருடன் மாதிரித்தான் இருப்போம்.

அண்ணனின் அடக்கத்துக்கு எங்கள் சபையிலிருந்து போனவர்கள் பதினொரு பேர். இருநூறு பேர் உள்ள சபை.

அடுத்த ஞாயிறு, இறந்தவர்களுக்காக ஒரு நினைவு ஆராதனை என்று போதகர் முடிவு செய்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, அடக்கத்தன்று அக்காவோடு உட்கார்ந்து அழுதவர். திரை வேலையை இந்த வாரம் தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா, தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். இறந்த பயணிகளின் அரசாங்கப் பட்டியல் போதகரிடமிருந்து வந்தது. நாற்பத்தெட்டுப் பெயர்கள். அக்கா தொலைபேசியில் தயங்கித் தயங்கி, இன்னொரு பெயரும் போடலாமா என்று கேட்டார்.

"விசாரணை முடியட்டும் சிஸ்டர். ரொம்பப் பேர் மனசு நொந்து வந்திருப்பாங்க" என்றார் போதகர்.

சரி பாஸ்டர் என்று அக்கா போனை வைத்தார்.

அந்த ஞாயிறு கூட்டம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே மகள், நர்ஸ் வேலை பார்த்தவள், அந்த ரயிலில் இறந்திருந்தாள். சாட்சி சொல்லும் நேரத்தில் பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். அவரும் அதே ரயிலில் போக வேண்டியவர். வழியில் வண்டிச் சக்கரத்தில் ஆணி ஏறியதால் ரயிலைத் தவறவிட்டாராம். "ஒரே ஒரு ஆணியை அனுப்பிக் கர்த்தர் என்னைக் காப்பாத்தினார்" என்றார். ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் முன் வரிசையைப் பார்த்தேன். டீச்சரின் தலை அசையவில்லை. அந்த நாற்பத்தெட்டுப் பேருக்கு ஏன் ஆணி வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பிறகு விளக்கை அணைத்தார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அக்கா எதையும் அவசரப்படுத்தவில்லை, ஒவ்வொரு பெயரும் ஒரு மூச்சு நேரம் நின்றது. நாற்பத்தெட்டாவது பெயர் போனதும் அடுத்த பாட்டு வந்தது. எழுந்து பாடினோம்.

அதன் பிறகு அக்கா சபைக்கு வரவில்லை.

கோபத்தில் வராமலிருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். உண்மை வேறு என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார். ஞாயிறு காலை குளித்துப் புறப்பட்டுவிடுவாராம். சபைக் கூடத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தம் வரைக்கும் வருவார். சாலையைக் கடக்கக் கால் எழாது. உள்ளேயிருந்து பாட்டு கேட்கும், எந்த இடத்தில் வரி மாற வேண்டும் என்று ஆள்காட்டி விரல் தானாகப் பையின் மேல் தட்டும். ஆராதனை முடியும் முன்பே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அண்ணன் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓய்வு பெற்றதும் திரை வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, மற்ற புருஷன் பெண்டாட்டி மாதிரி நடு வரிசையில் உட்கார வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால், ஆண்டவரே என்பதற்கு அடுத்த சொல் வரவில்லையாம்.

ஏழு மாதம் போயிற்று. ஒரு மத்தியானம் டீச்சர் அந்தப் பல் கட்டும் இடத்துக்கே வந்து நின்றார். கைக்குட்டையில் இரண்டாக உடைந்த பல்செட். மருத்துவரிடம்தானே கொடுக்க வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. வாங்கி, துண்டுகளைப் பொருத்தி, ஒட்டிக் காய வைத்தார். காயும்வரை டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"டீச்சர், அவரு வேகமா ஓட்டினாரான்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அக்காதான் ஆரம்பித்தார்.

"நான் அதைக் கேக்க வரலம்மா. தெனமும் காலையில என் மக பேரைச் சொல்லி ஆண்டவர்கிட்ட அழுவேன். பின்னாடியே உன் வீட்டுக்காரர் பேரும் வந்துடும். முதல்ல கோபமா வந்துச்சு. இப்போ கோபம் போயிடுச்சு, பேரு மட்டும் வருது. இதை எடுத்துடுங்கன்னு கேட்டுப் பாத்தேன். எடுக்கல."

அக்கா மேசையிலிருந்த மெழுகுத் துண்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குத் திரையில நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். கணக்கு டீச்சர் இல்லையா? நாற்பத்தெட்டோட நின்னப்போ, அதை நீதான் நிறுத்த வேண்டியிருந்துச்சுன்னு நெனச்சு எனக்குத் தாங்கல" என்றார் டீச்சர். "வர்ற ஞாயிறு என் பக்கத்துல வந்து உக்காரு."

அக்கா வந்தார். சாட்சி நேரத்தில் டீச்சர் எழுந்து, புதிதாக ஒட்டிய பல்லோடு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரலில், நாற்பத்தொன்பதாவது பெயரை முழுதாகச் சொன்னார். தகப்பன் பெயரோடு, அவர் பார்த்த வேலையோடு. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாத்திரக்கடைக்காரர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் முன்னால் நின்றார். "நான் பயந்துட்டேன் சிஸ்டர்" என்றார். ஒலிவாங்கி இல்லாமல் சொன்னது, பக்கத்து வரிசைகளுக்குத்தான் கேட்டது.

விசாரணை அறிக்கை அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது. பாலத்தருகே மழை தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கல்லை அரித்திருந்தது. வேகமும் அனுமதித்ததைவிடச் சற்று அதிகம். இரண்டும்தான். பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில் வந்தது. அண்ணனைத் தூற்றியவர்களுக்கும் அது போதவில்லை, அவர் பக்கம் பேச நினைத்தவர்களுக்கும் போதவில்லை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

பெயரைச் சொன்னதில் மனம் ஆறியதா என்று அவரிடம் கேட்டேன். "ஆறுச்சு. ஆனா எனக்கு வேண்டியது பேரு இல்லையே, ஆளு" என்றார். மறுபடி பார்ப்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அதுவரைக்கும் நாட்கள்தான் நீளமாக இருக்கின்றனவாம்.

இப்போது அவரும் டீச்சரும் அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய் வருகிறார்கள். யோசனை டீச்சருடையது, பயம் அக்காவுடையது. அந்த ரயிலை ஓட்டியவரின் மனைவி இவர் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். இதுவரை பத்தொன்பது வீடு. நான்கு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் அக்காவைப் பார்த்துக் கத்தித் தீர்த்துவிட்டு, போகும்போது குடை கொடுத்து அனுப்பினாள்.

போன வாரம், அந்த ரயிலில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்கார வைத்தார். பிறகு, அன்று காலை உங்கள் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று கேட்டார்.

"ரெண்டு துண்டு ரொட்டி. டீ போட்டுக் கொடுத்தேன், பாதியிலயே வச்சிட்டு ஓடிட்டாரு" என்றார் அக்கா.

"என் வீட்டுக்காரியும் டீயை முடிக்கல" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அக்கா ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். அவர் தலையசைத்தார். ஆண்டவரே என்று தொடங்கி அக்கா கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தோம். பிறகு தையல்காரருடைய மனைவியின் பெயரைச் சொன்னார்.