இடப்பக்கம் வந்த மலை

மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கிற என் படங்களில் நான் பெயர் எழுதமாட்டேன். மூலையில் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். மலை சுற்றுகிற யாரோ கழற்றிவிட்டுப் போனது. அதுதான் என் கையெழுத்து.

செங்கம் சாலைக் காபிக் கடையில் மாட்டியிருந்த என் கிரிவலப் படம் மழையில் பாழாகிவிட்டது. கடைக்காரப் பெண் புதிது கேட்டாள். பலகையோ பிளந்து கிடந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் வலது கையிலும் மாவுக்கட்டு. அந்தச் சுவரில் என் இடம் போய்விடும் என்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனால், அதே இடத்தில் என் படம்! கிட்டே போய்ப் பார்த்தேன். அடக்கடவுளே, ஜனங்கள் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இந்த ஊரில் நடை பழகும் குழந்தைகூட அப்படிச் சுற்றாது. மழையில் பாழான என் தாளையே படம் மேலே தெரியப் பலகையில் ஒட்டி, அப்படியே செதுக்கியிருக்கிறான் எவனோ. அச்சில் எல்லாம் இடம் வலமாகும் என்கிற அரிச்சுவடிகூடத் தெரியாத திருடன். என் செருப்பையும் விட்டுவைக்கவில்லை.

"யாரு குடுத்தது இதை?" என்று கத்தினேன்.

"உங்க வீட்டுக்காரர்தான்கா. நீங்க குடுத்தனுப்புனதா சொன்னாரே," என்றாள் கடைக்காரப் பெண்.

என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். பென்சில்கூட ஒழுங்காகச் சீவத் தெரியாது. சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, என் படத்தையே திருடுனீங்களா?"

அவர் இடது கையைப் பின்னால் மறைத்தார். இழுத்துப் பார்த்தேன். விரல்களில் நாலு இடத்தில் பிளாஸ்திரி. கத்தரிக்காய் நறுக்கும்போது பட்டது என்று அவர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

"வேற யாரு படத்தையாவது மாட்டிடுவாங்கன்னு அப்படி அழுதியே. அதான்."

"என் செருப்பை எதுக்குச் செதுக்குனீங்க?"

"படம் உன்னுதாச்சே. வேற யாரு செருப்பைப் போடறது?"

அதற்குமேல் என் கோபம் நிலைக்கவில்லை. "அதுக்காக ஊரையே தப்பா சுத்த விட்டுட்டீங்களே," என்று திட்டிக்கொண்டே அந்த விரல்களை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு புதுப் பலகை செதுக்கி, ஜனங்களைச் சரியான பக்கம் திருப்பினேன். கடைச் சுவரில் இப்போது இருப்பது அதுதான். அவர் செதுக்கியது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. புதியதின் மூலையில் என் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடக்கிறது. ஒன்பதாம் நம்பர், ஒரு வார் அறுந்தது, அவருடையது.