வெள்ளிக்கிழமை நாலரைக்கு யாரும் படம் பார்க்கக் கூடாது

தம்பிக்குக் காது குத்திய வருடம் எங்கள் குடும்பத்துக்கு இண்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த தெருவில் வீட்டுக்குள் குழாய் வைத்திருந்தவர்களே குறைவு. அந்தத் தெருவில் எங்களுக்கு வெப்சைட்.

அது அப்பாவின் கைவேலைக்குக் கிடைத்த மரியாதை. அடுகோடியில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டருக்குப் பிளைவுட் தடுப்புகள் அடித்துக் கொடுத்திருந்தார். சென்டர்காரர் கன்னடக்காரர். அந்த வேலை பிடித்துப்போய், விசேஷத்துக்கு டிஜிட்டல் கேமராவோடு வந்து படம் எடுத்தார். இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் எல்லாப் படங்களையும் போட்டும் கொடுத்தார்.

எல்லாம் மாமாவுக்காக. அம்மாவின் ஒரே தம்பி அவர். குவைத்தில் கட்டட வேலை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் விட்டுப் போயிருந்த நீலக்கோடு போட்ட சட்டையை அம்மாவின் சித்தி மகன் மடியில் விரித்து, அதன்மேல் தம்பியை உட்கார வைத்தார்கள். தம்பி அழுது தீர்த்தது அந்தச் சட்டையில்தான்.

"மாமங்காரன் வரல, சரி. சீராச்சும் வந்துச்சா?" என்று அத்தை கூட்டத்துக்கே கேட்கும்படி கேட்டாள். அப்பாவின் அக்கா அவள். மெதுவாகப் பேசத் தெரியாது.

அம்மா தாம்பாளத்தில் இருந்த சின்னத் தங்கத் தோடுகளை எடுத்துக் காட்டினாள். "குவைத் தங்கம் அண்ணி. ஆள் மூலமா குடுத்தனுப்பிச்சான்."

அத்தை அவற்றை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம் பாயசத்தைப் பற்றி மட்டும் குறை சொன்னாள்.

மாமாவுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சாப்பிட்டுவிட்டு அவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகும்போது நமக்கு மணி நாலரை ஆகும். முதல் வெள்ளி, கீழ் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். பக்கம் திறக்கவே வெகு நேரமாயிற்றாம். முதல் படம் மட்டும் முழுதாக வந்ததாம், அதற்குள் அவருடைய நேரம் முடிந்துவிட்டதாம்.

முதல் படம் உண்மையில் படமே இல்லை. விசேஷத்தன்று விடிந்ததும், கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க சென்டர்காரர் எடுத்தது. அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். பழைய புடவை, முடியாத கூந்தல், காதில் கம்மல்கூட இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள். பிறகு விசேஷத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டாள். எடுத்த வரிசையிலேயே போட்டதால் அதுதான் எங்கள் வெப்சைட்டின் முகப்பாக இருந்தது.

அடுத்த வெள்ளி மாமா கூப்பிட்டபோது போனை எடுத்தது நான். வழக்கமாக என் படிப்பைப் பற்றிக் கேட்பார். அன்று கேட்கவில்லை. "அக்காவுக்கு எம்மேல அவ்ளோ கோவமா பாப்பா? வரலேன்னா கதவையே சாத்திடறதா? படத்தையே காணோம், என்னமோ இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கு" என்றார்.

அம்மா போனைப் பிடுங்கி, "எந்தக் கதவுடா? யாருடா சாத்துனா?" என்று கேட்பதற்குள் அவருடைய கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

லைன் அறுந்ததுமே நான் சென்டருக்கு ஓடினேன். எங்கள் வீட்டிலேயே அந்த இங்கிலீஷ் அறிவிப்பைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வாள்.

"ஓசி இடம் புட்டி," என்றார் சென்டர்காரர். சின்னப் பெண்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோ டேட்டாதான் போலாம்னு லிமிட் வெச்சிருக்கான். அதுக்குப் பேரு பேண்ட்வித். தாண்டுனா மூடிடுவான், அப்புறம் அவனே தெறப்பான். அஷ்டே, அவ்ளோதான்."

யார் தாண்டினார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அத்தை தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். விசேஷப் படங்களில் அந்த அக்கா அழகாக விழுந்திருந்தாள். அத்தை மகன் அடுகோடியில் ஒரு ஆபீசில் டைப்படிக்கும் வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே வேலை குறைவு. கூட வேலை செய்தவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் எங்கள் பக்கத்தைத் திறந்து பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அத்தை வீட்டுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்தரை வரை மட்டும் யாரும் படம் பார்க்க வேண்டாம் என்று அப்பா மென்று முழுங்கிச் சொன்னார்.

"எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தா உங்க கம்ப்யூட்டர் தேஞ்சுடுமா?" என்றாள் அத்தை.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். வீட்டுக்கு வராதே என்று சொல்வதும் படம் பார்க்காதே என்று சொல்வதும் எங்கள் உறவில் ஒன்றுதான்.

நான் முன்னால் வந்தேன். "கார்ப்பரேஷன் தண்ணி மாதிரிதான் அத்தை. கீழ் வீட்ல எல்லாப் பைப்பையும் தெறந்து வெச்சா மேல் வீட்டுக்குத் தண்ணி ஏறுமா?"

அத்தை மாடி வீட்டில் குடியிருந்தாள். தண்ணீர் வரும் நாளெல்லாம் கீழ் வீட்டோடு சண்டை. அதனால் உடனே பிடிபட்டது. "அப்ப நாங்கதான் அந்தக் கீழ் வீட்டுப் பிசாசுங்களா?" என்று கேட்டாள். ஆனாலும் மகனிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டு, எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் அப்பா என் தலையில் கை வைத்தபடியே வந்தார்.

அது மட்டும் போதாது, பக்கத்தையே இளைக்க வைக்க வேண்டும் என்றார் சென்டர்காரர். பெரிய படங்களைச் சின்னதாக்கி, க்ளிக் செய்தால் மட்டும் பெரிதாகத் திறக்கும்படி செய்தார். ஒரே மாதிரி இருந்தவற்றை நீக்கினோம். எது இருக்கலாம், எது போகலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னது நான். பட்டுப்பாவாடையில் நான் நிற்கும் படம் அவசியமானது என்று முடிவாயிற்று.

அன்று அம்மாவும் முதல்முறையாக சென்டருக்கு வந்திருந்தாள். அப்பா அடித்த தடுப்புகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரையில் அந்த முதல் படம் வந்ததும், "அத மொதல்ல எடுங்க தம்பி" என்றாள்.

"இருக்கட்டும் அக்கா. சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு."

"வேணாம். அலங்கோலமா இருக்கேன். எடம் மிச்சமாகும்ல?"

எடம் மிச்சமாகும் என்று அம்மா தானாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வீட்டில் நடத்திய பாடம் வீண் போகவில்லை.

மூன்றாவது வெள்ளி நாலரை மணிக்கு அடுகோடியில் யாரும் படம் பார்க்கவில்லை. நாங்கள் கீழ் வீட்டு போனுக்குப் பக்கத்தில் நின்றோம். ஐந்து மணி வாக்கில் மணி அடித்தது.

"எல்லாம் வந்துச்சு பாப்பா. உன் தம்பி என் சட்டையத்தான் கெட்டியாப் புடிச்சிருக்கான்" என்றார் மாமா. சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எந்தப் படம்? ... ஓ, அதுவா. எடம் பத்தலடா, எடுத்துட்டாங்க." அந்தப் பக்கம் மாமா வேறென்னவோ கேட்டார். "கம்மல மெருகு போடக் குடுத்திருந்தேன்டா. நீ ஒண்ணு."

எனக்குப் பொறுக்கவில்லை. "எடம் இருக்கும்மா! பக்கம் இப்ப லேசாயிடுச்சு. அந்தப் படத்தத் திரும்பப் போடலாம்!" என்று மாமாவுக்கும் கேட்கும்படி கத்தினேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் கையில் அழுத்திக் கிள்ளினாள். இவ்வளவு விளக்கியும் அம்மாவுக்குப் பேண்ட்வித் புரியவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

சில மாதம் கழித்து, குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஆனேக்கல்காரர் ஒருவர் மாமா கொடுத்தனுப்பிய பையோடு வந்தார். வாசனை சோப்பு, டார்ச் லைட், எனக்கு ஒரு பேனா. அடியில், துணியில் சுற்றி, சின்ன சிவப்பு டப்பி. அம்மா திறந்தாள். ஒரு ஜோடி கம்மல். தம்பிக்காக இருக்கும் என்று பார்த்தேன், பெரிய ஆளுக்கானது.

"காது குத்துனது தம்பிக்குத்தானே? மாமா எதுக்கு உனக்கு அனுப்பறாரு?" என்று கேட்டேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, கவரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டாள். திருகாணி போடுவதற்கு வெகு நேரம் பிடித்தது.

மாமா மறதிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மெருகு போடக் கொடுத்த பழைய கம்மல் என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அது அந்த நேரத்தில், குவைத் தங்கம் என்ற பேரில் சின்னத் தோடாகி, என் இடுப்பில் உட்கார்ந்திருந்த தம்பியின் காதுகளில் மின்னிக்கொண்டிருந்தது.