மீதிப் பேர் எங்கே?

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். காஞ்சிபுரம் சாலையில் செங்கல் லாரி ஒன்று தேவசகாயத்தைச் சைக்கிளோடு அடித்துத் தள்ளிவிட்டது, ஆள் அங்கேயே போய்விட்டார் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடி வாங்கியே வாழ்ந்த மனிதரைக் கடைசியிலும் அடித்துத்தான் கொண்டுபோக வேண்டுமா?

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் வேலை தெரியும். எங்கள் வட்டார அலுவலகத்தில் நான் விதையும் உரமும் கொண்டுபோகும் கிராம சேவக், அவர் கணக்கெடுப்பவர். ஏர், மாடு, கிணறு, கோழி எல்லாவற்றுக்கும் சர்க்கார் பாரத்தில் கட்டம் உண்டு. படிப்பை விட்ட பிள்ளைக்குக் கட்டம் கிடையாது. அதை அவராகவே சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டுத் தெருத் தெருவாகப் போய், யார் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று கேட்பார். "கோழி செத்தா எழுதுறோம், புள்ள நின்னுட்டா எழுத வேணாமா?" என்று மேலதிகாரியிடமே கேட்டார். மெமோ வந்தது. மறுநாள் அந்த மெமோவில்தான் புளிசாதம் மடித்து வந்திருந்தது.

ஓர் ஊரில் அவர்மேல் நாயை ஏவினார்கள். கெண்டைச்சதையைக் கவ்விய நாயை உதறித் தள்ளிவிட்டு, ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்க, அடுத்த வாசலில் நின்று பிள்ளைகளை விசாரித்தார் மனிதர். தொப்புளைச் சுற்றி ஊசி போடும்போது மட்டும் வாய்விட்டுக் கத்தினார். அதைச் சொல்லி நான் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன்.

களத்துமேட்டுச் சம்பவம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகப் பார்த்தவன் நான். திருப்புலிவனத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அறுவடை முடிந்து, பெரிய வீட்டுக்காரரின் களத்தில் நெல் அம்பாரம் குவிந்திருந்தது. கூலி வாங்கக் காலனி ஜனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலனித் தெருவில் குப்பம்மாள் என்பவரின் மகள் அஞ்சலை அப்போதுதான் அஞ்சாவது தேறியிருந்தாள். மேலே படிக்க உத்திரமேரூருக்குப் போக வேண்டும். பெரிய வீட்டுக்காரரோ அவளை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அவள் அப்பன் அங்கே வருஷக் கூலிக்குக் கட்டுப்பட்ட படியாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் ஏது?

ஜனம் ஒன்றாகக் கூடியிருப்பதைப் பார்த்ததும் தேவசகாயத்துக்குக் கை பரபரத்தது. அம்பாரத்திலிருந்து ஒரு கை நெல்லை அள்ளினார். பிள்ளைக்கு ஒரு மணி என்று தரையில் வைக்கத் தொடங்கினார். ஒண்ணாவதில் சேர்ந்தவர்கள் ஒரு குவியல். மூணாவதில் அது பாதியாயிற்று. அஞ்சாவதுக்கு நாலைந்து மணிகள். அதற்கப்பால் விரலால் ஒரு வட்டம் போட்டு, "இது ஹைஸ்கூலு," என்றார். வட்டத்துக்குள் வெறுந்தரை. "மீதிப் பேர் எங்க?" என்று கேட்டார். ஜனத்திடம் கேட்டுவிட்டு, பெரிய வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை கேட்டார்.

மனிதர் செங்கல்பட்டு டவுனில் வளர்ந்தவர். அம்பாரத்தைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போட்டுவிட்டால், அளக்கும்வரை யாரும் ஒரு மணியைக்கூடத் தொடக்கூடாது, குறியைக் கலைத்தவன் திருடன் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கத்துவதற்குள் அள்ளிவிட்டார்.

கேள்விக்காக அடிக்க முடியாமல் நின்ற பெரிய வீட்டு ஆட்களுக்குத் திருட்டு என்ற சாக்கு கிடைத்தது. முதல் அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை நெஞ்சிலும் முகத்திலும் மிதித்தார்கள். குறுக்கே பாய்ந்த எனக்கு மண்டை பிளந்தது. நானும் அடித்தவர்களின் சாதிக்காரன் என்பதால் ஒரே அடியோடு விட்டார்கள். "இன்னாடா எண்ணிக்கினு கீற? எங்க நெல்லையா, எங்க ஆளையா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார் பெரிய வீட்டுக்காரர்.

அப்போது குப்பம்மாள் எழுந்து வந்தார். கையில் கருக்கரிவாள். சிதறிக் கிடந்த நெல்லில், ரத்தம் பட்ட மணி ஒன்றைப் பொறுக்கினார். வெறுந்தரையாகக் கிடந்த அந்த வட்டத்தில் அதை வைத்தார்.

"இது எம் பொண்ணு அஞ்சல. இத்த எவன் எடுக்கிறான்னு பாக்குறேன்."

அரிவாளை ஓங்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். தடி வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று யாரும் அந்த மணியைத் தொடவில்லை. மறுநாள் பட்டப்பகலில் அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். புருஷனைப் புளியமரத்தில் கட்டி வைத்து முதுகை உரித்தார்கள். ஸ்டேஷனில் எழுதப்பட்டது தேவசகாயத்தின் மேல் நெல் திருட்டுப் புகார் மட்டுமே. பாவிகள்.

பள்ளி திறந்த அன்று, முறிந்த கையில் மூங்கில் பத்தைக் கட்டோடு தேவசகாயம் உத்திரமேரூர் ஹைஸ்கூலுக்கு முன்னால் நடந்தார். குடிசை வெந்த கரி ஒட்டிய பாவாடையோடு அஞ்சலை பின்னால் போனாள். ஹெட்மாஸ்டர் யாரம்மா நீ என்று கேட்டார். "அந்தத் தெருவோட மொத ஆளு சார். மீதிப் பேர் பின்னால வராங்க," என்றார் தேவசகாயம். அந்தக் கை கடைசிவரை நேராகவில்லை. மழைக்காலத்தில் வலிக்கும். வலித்தால் என்னைத் திட்டுவார்.

அஞ்சலை இன்று டீச்சர். கல்லறைத் தோட்டத்தில் அவர் அழவில்லை. குழிக்குள் எல்லோரும் மண் போட்டார்கள், அவர் ஒரே ஒரு நெல்மணியைப் போட்டார்.

நான் தேவசகாயத்திடமிருந்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். போன வாரம் அதே களத்துக்குப் போனேன். பள்ளிக்கூட நேரத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் சாணிக்கூடை சுமந்து போனார்கள். கயிற்றுக்கட்டிலில் பெரிய வீட்டுக்காரரின் மகன் உட்கார்ந்திருந்தார். மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, மறுபடியும் கேட்டேன்.