சுகந்தியின் ஒன்பது கருத்துகள்

ஆவடி பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கடல் கடந்து போன கணவனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய ஒரு பழைய நாவலை மாணவர்கள் ஆழ்ந்து படிக்கட்டும் என்று, வகுப்புக்கென ஒரு வலைப்பூ தொடங்கினேன். வாரம் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு அதில் கருத்து எழுத வேண்டும்.

எல்லோரும் எழுதினார்கள். பருத்திப்பட்டிலிருந்து வரும் சுகந்தியின் கருத்து மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. வகுப்பில் நிற்க வைத்துக் கேட்டேன்.

"எழுதிகினுதான் மிஸ் கீறேன். அம்மா போன்ல."

"எழுதினா எங்க போச்சு? பொய் சொல்லாத."

அரையாண்டு விடுமுறையில் வீடு மாறியதால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோடையில்தான் பார்த்தேன். வலைப்பூவில் ஒன்பது கருத்துகள் என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. கணக்கு இல்லாதவர்கள் எழுதினால் நிறுத்திவைக்கும்படி நானே அமைத்துவிட்டு மறந்திருக்கிறேன். ஒன்பதும் சுகந்தியுடையவை. ஒவ்வொன்றும் கடிதம் போல 'இப்படிக்கு, சுகந்தி' என்று முடிந்திருந்தது. கடைசிக் கருத்து நான் திட்டிய அன்று மாலை எழுதியது.

"கடிதம் வரலைன்னு இவ அழுவுறா மிஸ். அவன் எழுதினதை நடுவுல யாராவது எடுத்து வெச்சிருந்தா?"

அவள் அம்மாவின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஒன்பதையும் வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். தினமும் வகுப்புக்குப் போகுமுன் அந்தக் காத்திருப்புப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன். புதிய பிள்ளைகளுடையவை இருந்தால் உடனே வெளியிட்டுவிடுகிறேன். 'இப்படிக்கு' என்று முடிவது மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை.