சுவரில் இருந்த அரிசி மூட்டை

மலாக்கா ஆற்றோரச் சுவர்களில் இப்போது படம் போட்டு வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு பேத்தி என்னை அங்கே இழுத்துப்போனாள். சாய வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்ததோ மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் அதுதானே! அப்போது நானும் சுவரில் படம் போட்டேன். கலை ஆர்வம் என்று பெருமையடிக்கலாம். உண்மையில் பயத்தில் போட்டேன்.

சண்டைக்கு முன் நான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். அந்தப் பிழைப்பு போனதும் காஜா பெராங் வட்டாரத்தில் யூசுப் நானா தன் மளிகைக் கடையில் சேர்த்துக்கொண்டார். கடையில் சரக்குதான் இல்லை. சும்மா நிற்கிற ஆளையெல்லாம் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, காலிக் கடைய பாத்தான்னா ரெண்டு பேரையும் தூக்கிருவான். செவுத்துல எதையாச்சும் போட்டு வையி,” என்றார் நானா.

கரி, சுண்ணாம்பு, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம். அரிசி மூட்டை, பிஸ்கட் டின், கருவாடு எல்லாம் சுவரில் வந்து இறங்கின. கை சும்மா இருக்குமா? மூட்டைமேல் ஒரு பூனையைத் தூங்க வைத்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரரை டின்னுக்குப் பின்னால் ஒளித்து, தொப்பையை மட்டும் வெளியே விட்டேன். தெருவே வந்து சிரித்தது. “நானா, ரெண்டு காத்தி சீனி!” என்பார்கள். அவரும் வெறுங்காகிதத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

அந்த மூட்டைக்கு நிழல் கொஞ்சம் நன்றாகவே போட்டுவிட்டேன். அரிசிப் பதுக்கல் என்று ஒரு சிப்பாய் பாய்ந்து வந்து துப்பாக்கிக் கத்தியால் குத்தினான். காரைதான் உதிர்ந்தது. யார் செய்தது என்று மலாயில் கத்தினான்.

“சாயா,” என்றார் நானா. மலாயில், நான்தான் என்று. ஒரு கோடு நேராக இழுக்கத் தெரியாத மனிதர்.

அவரைப் பிடித்துப்போனான். மூன்று நாள் கழித்து, கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். “சிப்பாய் போயி சொல்லிருக்கான். அவங்க ஆபீசருக்கும் பூனை வேணுமாம். நான் போட்டது பூசணிக்கா மாதிரி வந்துருச்சு. அறைஞ்சு வெரட்டிட்டான்.”

“என் பேர ஏன் நானா சொல்லல?”

“நீ நல்லா போட்டிருப்ப. நல்லா போட்டா விடுவானா?”

சண்டை முடிந்து நிஜ மூட்டைகள் வந்து சுவரை மறைத்தன. பிறகு நானாவும் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். எதை எதையோ வரைந்த நான், அந்த மனிதர் முகத்தை ஒருமுறைகூட வரையவில்லை. இப்போது வரைய உட்கார்ந்தால் வீங்கிய கன்னம் மட்டும் வருகிறது. மிச்ச முகம் வர மறுக்கிறது.