சீட்டு கட்டிய பூங்கொத்து

ஆர்க்கிட் இலை முற்றும்போது, அதன் செல்கள் டி.என்.ஏ.வை முழுதாகப் படியெடுப்பதில்லை. சில பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து, மற்றதை அப்படியே விட்டுவிடுகின்றன. என் அலுவலகத்தில் இப்படி நகலெடுத்தவருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

எந்தப் பகுதி விடுபடுகிறது என்று கண்டுபிடிக்க, சென்னையில் ஆராய்ச்சி செய்யும் என் மகள், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட பகுதிகளை அடையாளம் காட்டும் மார்க்கர்களை உருவாக்கினாள். திருத்தணியில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடியின் இலையில் சில மார்க்கர்கள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் தெரிந்தன. மங்கலுக்குக் காரணம் செடியா, மார்க்கரா? மகரந்தத்தில் இந்த அரைகுறை நகல் கிடையாது. அதே செடியின் மகரந்தத்தில் எல்லாம் சமமாக வந்தால் மார்க்கர் சரி. இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு வீண். செடி பூப்பதோ வருடத்துக்கு ஒரு கொத்து.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். மாதிரி எண், தேதி, கையொப்பத்துடன் கொத்தில் சீட்டு கட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை மரத்தில் பூ இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா கணவரிடம் ஓடினேன்.

"பாவா, மாமரத்துப் பூ?"

"நேத்தே காவடில கட்டிகினு மலைக்குப் போய்ட்டு வந்துட்டேன். நீதான சீட்டு கட்டி முருகனுக்கு நேந்து வுட்டிருந்த?"

"அது சாம்பிள் நம்பர், பாவா."

"இங்கிலீசுல எழுதினா எனக்கு இன்னா தெரியும்?"

"மொத்தமும் பறிச்சிட்டீங்களா?"

"மொட்ட எவன் பறிப்பான்? சாமிக்கு மொட்டு வெப்பாங்களா? இவ்ளோ படிச்சிகினு இதுகூடத் தெரியல, மச்சான்."

ஏணி போட்டு ஏறினேன். கொத்தின் நுனியில், இலை மறைவில், நான்கு மொட்டுகள். மகளுக்குப் போன் செய்தேன்.

"நைனா, மொட்டே போதும். மகரந்தம் உள்ளயே இருக்கும்."

பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து, நானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரக்கோணம் தாண்டும்வரை மூடியைப் பத்து முறையாவது தொட்டுப் பார்த்திருப்பேன்.

நான்காம் நாள் மகள் கூப்பிட்டாள்.

"எல்லாம் சமமா வந்துட்ச்சு நைனா. மார்க்கர்ல தப்பு இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வருடப் பூ முழுவதையும் காவடிக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லி பாவாவுக்குப் போன் செய்தேன்.